வேலை வண்டிக்கு எச்சரிக்கை விளக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி: டிப்பர் முதல் ஃபோர்க்லிஃப்ட் வரை முழுமையான வழிகாட்டி

சாலை போடுவதற்காக மண் கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்த ஓர் இடத்தில், மாலை ஆறரை மணிக்கு டிப்பர் ஒன்று பின்புறமாக வந்து நின்று பாடியைத் தூக்கியது. அதன் கேபின் கூரையில் புதிதாக மாட்டிய அம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) விளக்கு நன்றாகவே சுழன்றுகொண்டிருந்தது. பாடி மேலே எழும்பியதும் விளக்கு முழுவதுமாக அதன் மறைவுக்குள் போய்விட்டது. பின்னாலிருந்து மண்ணை நிரவிக்கொண்டு வந்த லோடர் ஓட்டுநருக்கு, இருட்டும் புழுதியும் கலந்த அந்த நேரத்தில், கருத்த இரும்புச் சுவர் ஒன்றைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பக்கெட் டிப்பரின் பின்கதவில் மோதி நின்றது, ஆளுக்கு அடிபடவில்லை. அந்த விளக்கை வாங்கிப் பொருத்தி ஒயரிங் செய்துகொடுத்தவன் நான்தான். விளக்கில் குறையில்லை, வெளிச்சத்திலும் குறையில்லை. அதைப் பார்க்கவேண்டிய ஆள் எங்கே நிற்பார் என்று நான் ஒருமுறைகூட யோசிக்காததுதான் குறை.

அன்றிலிருந்து யார் வந்து "ஒரு பிளிங்கர் லைட் மாட்டிக் கொடுங்கள்" என்று கேட்டாலும், விலைப்பட்டியலை எடுப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுக்கிறேன். இந்த வழிகாட்டியும் அங்கேதான் தொடங்குகிறது.

படி 1: பார்க்கவேண்டியவர் யார் என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்

வண்டியை மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு செவ்வகமாக வரையுங்கள். அது வேலை செய்யும்போது எந்தெந்தத் திசையிலிருந்து ஆளோ வண்டியோ வரக்கூடும், எவ்வளவு வேகத்தில் வரும், பகலிலா இரவிலா, விளக்கைக் கண்டவுடன் அவர் என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொரு திசைக்கும் எழுதுங்கள். 'வேகத்தைக் குறைக்கவேண்டும்', 'வலப்பக்கம் ஒதுங்கவேண்டும்', 'அப்படியே நின்றுவிடவேண்டும்' என்ற மூன்றும் வெவ்வேறு செய்திகள். ஒரே விளக்கு மூன்றையும் சொல்லிவிடாது.

தூரத்தைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் நகர்கிறது. நம் நாட்டுச் சாலை வடிவமைப்பில், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு உணர்ந்து பிரேக்கை மிதிக்க இரண்டரை நொடி ஆகும் என்று கொள்கிறார்கள். அதன்படி 80 கி.மீ. வேகத்துக்கு 120 மீட்டரும், 100 கி.மீ. வேகத்துக்கு 180 மீட்டரும் பார்வைத் தொலைவு தேவை. ஆகவே நான்குவழிச்சாலை ஓரத்தில் நிற்கும் பராமரிப்பு லாரியின் விளக்கு, வெயிலிலும் 180 மீட்டருக்கு அப்பாலிருந்தே கண்ணில் பட்டாகவேண்டும். கிடங்குக்குள் ஓடும் ஃபோர்க்லிஃப்டுக்கு அந்த விளக்கை மாட்டினால், ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் தொழிலாளியின் கண் கூசுமே தவிர பாதுகாப்பு கூடாது.

படி 2: நிறமும் சட்டமும்

இந்தியாவில் இதற்கு அடிப்படை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள 108-ஆம் விதி. வண்டியின் முன்புறம் சிவப்பு ஒளியும், பின்புறம் சிவப்பல்லாத ஒளியும் காட்டக்கூடாது என்பது அதன் பொதுக் கட்டளை. இண்டிகேட்டர், ரிவர்ஸ் விளக்கு போன்றவை அதற்கு விலக்கு. முக்கியப் பிரமுகர்களின் கார்களிலிருந்து சுழல்விளக்கு நீங்கியது 2017 மே 1 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றத்தால்தான். சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த பலநிற விளக்கு அதன்பின் தீயணைப்பு, சட்டம் ஒழுங்குப் பணியிலுள்ள காவல்துறை மற்றும் படைகள், இயற்கைப் பேரிடர் மேலாண்மை ஆகிய அவசரப் பணிகளுக்கென்று நின்றுவிட்டது. ஆம்புலன்சுக்குத் தனித் தரநிலை இருப்பதால் அதை இங்கே தொடவில்லை.

தண்ணீர் லாரி, ரிக், கிரேன், டிப்பர் எதுவானாலும் சிவப்பு நீல விளக்கை மாட்டாதீர்கள். அபராதத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த நிறத்தைக் கண்டதும் ஒதுங்கி வழிவிடும் பழக்கம் மக்களிடம் மிச்சமிருந்தால்தான் உண்மையான தீயணைப்பு வண்டி நேரத்துக்குப் போய்ச்சேரும். அம்பர் நிறமே வேலை வண்டிக்கு உரியது. அதற்கும் ஓர் எல்லை உண்டு: பொதுச்சாலைக்கு வராமல் விமான நிலையம், துறைமுகம் போன்ற வளாகங்களுக்குள்ளேயே ஓடும் வண்டிகளின் மேல்விளக்காக அம்பரை அந்த விதி வெளிப்படையாக ஏற்கிறது. பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்கு மாட்டுவதானால், வேலை கொடுக்கும் துறையின் ஒப்பந்த நிபந்தனையைப் பார்த்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் இடத்தில் மட்டும் எரியவிட்டு, சாதாரணமாக ஓடும்போது அணைத்துவிடும்படி ஒயரிங்கை அமைப்பது எப்படிப் பார்த்தாலும் நல்லது.

படி 3: விளக்கின் வகை

கண்ணாடிக் குமிழுக்குள் ஹாலஜன் பல்பைச் சுற்றிப் பிரதிபலிப்பான் சுழலும் பழைய வகையை இன்னும் பல வண்டிகளில் பார்க்கலாம். அதன் ஒளி ஒரு கற்றையாகச் சுற்றிவருவதால் கண்ணுக்கு இதமானது. தூரத்தையும் எளிதாக மதிப்பிட முடியும். ஆனால் 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதிர்வு அதிகமான வண்டியில் பல்பின் இழை அடிக்கடி அறும். சுழற்றும் மோட்டாரின் பெல்ட்டும் புழுதியில் தேயும். செனான் ஸ்ட்ரோப் பளிச்சென்று வெட்டும் ஒளியைத் தருகிறது. இருட்டில் அந்த வெட்டு எங்கிருந்து வருகிறது என்று கண் நிலைகொள்ளச் சிரமப்படுவதால், புதிதாக வாங்குபவருக்கு நான் அதைச் சொல்வதில்லை. இன்றைய தேர்வு எல்இடி. 10 முதல் 20 வாட்டில் அதே வேலை முடிகிறது, அதிர்வையும் தாங்குகிறது.

வடிவத்தைப் பொறுத்தவரை நாற்புறமும் ஒளி வீசும் குமிழ் விளக்கு, கூரையின் அகலம் முழுவதும் நீளும் லைட்பார், ஒரு திசையை மட்டும் நோக்கும் சிறிய தட்டை விளக்கு, பின்னால் பொருத்தி, விளக்குகளால் அம்புக்குறி காட்டும் அம்புப்பலகை என நான்கு உண்டு. படி 1-இல் வரைந்த தாளே இதற்கும் விடை தரும். எல்லாத் திசையிலிருந்தும் ஆபத்து வருமானால் குமிழ். ஒரு திசைதான் என்றால் தட்டை விளக்கு.

படி 4: தரக்குறியீட்டை லென்சின் மேலேயே படியுங்கள்

விற்பவர் "ரொம்பப் பிரைட்" என்று சொல்வதை அளவாகக் கொள்ளவேண்டாம். விளக்கைத் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பிய ஒழுங்குமுறை ஆர் 65-இன்படி சோதிக்கப்பட்டதானால், வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் நாட்டு எண்ணும், அருகில் டிஏ1 (TA1), எக்ஸ்ஏ2 (XA2) போன்ற ஒரு குறியும் அச்சாகியிருக்கும். டி என்றால் நாற்புறமும் தெரிவது, எக்ஸ் என்றால் ஒரு திசைக்கானது. ஏ என்பது அம்பர். 1 என்றால் ஒரே ஒளி அளவு, 2 என்றால் பகலுக்கு ஒன்றும் இரவுக்கு ஒன்றுமாக இரண்டு அளவு. இரவு வேலை உள்ளவர்கள் எண் 2-ஐக் கேட்டு வாங்குங்கள். பகலில் போதுமான ஒளி இரவில் எதிர்வரும் ஓட்டுநரின் கண்ணை மறைத்து, விளக்குக்குக் கீழே கொடி பிடித்து நிற்கும் தொழிலாளியைக் காணாமல் செய்துவிடும். சாலைப்பணியில் இது உயிர் பறிக்கக்கூடிய தவறு.

அமெரிக்க வழியில் எஸ்ஏஇ ஜே845 என்ற தரநிலை உண்டு. அதில் வகுப்பு 1 மிகுந்த ஒளி உடையது, வகுப்பு 2 அவசரமற்ற எச்சரிக்கைக்கு, வகுப்பு 3 வண்டியை அடையாளம் காட்ட மட்டும். சாலையில் வகுப்பு 1, மூடிய வளாகத்தில் வகுப்பு 2, கிடங்குக்குள் வகுப்பு 3 என்று தொடங்கி, இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஆர் 65 நொடிக்கு 2 முதல் 4 முறை மினுக்குவதை ஏற்கிறது. நான் 2-ஐ ஒட்டியே வைக்கச் சொல்கிறேன். பத்துப் பதினைந்து மினுக்கு முறைகள் உள்ள விளக்குகளில் வேகமானதுதான் கடையில் கண்ணைக் கவரும். அதன் அருகே எட்டு மணி நேரம் நிற்பவருக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

நீர், தூசு காப்புக்கு ஐபி எண்ணைப் பாருங்கள். ஐபி 65 தண்ணீர்ப் பீச்சலைத் தாங்கும். ஐபி 67 ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும். ஐபி 69கே உயர் அழுத்தச் சுடுநீர்க் கழுவலைத் தாங்கும். குப்பை லாரி, கான்கிரீட் மிக்சர் போலத் தினமும் பம்பு வைத்துக் கழுவும் வண்டிகளுக்குக் கடைசி வகைதான் நிலைக்கும்.

படி 5: வண்டிக்கு ஏற்ற தேர்வு

டிப்பருக்கு இரண்டு விளக்கு வேண்டும். ஒன்று கேபின் கூரையில். மற்றொன்று பின்புறச் சேஸ் சட்டத்தில், பாடி தூக்கினாலும் அசையாத இடத்தில், மண் விழாதபடி தகட்டு மறைப்போடு. பின்விளக்கைப் பிடிஓ (பாடியைத் தூக்க எஞ்சினிலிருந்து விசை எடுக்கும் அமைப்பு) சுவிட்சோடு இணைத்துவிட்டால், பாடி தூக்கும்போது தானாக எரியும். ஓட்டுநர் மறந்துவிடுவாரோ என்ற கவலை இருக்காது.

முன்னால் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள பேக்ஹோ லோடருக்குக் கேபின் கூரையின் நடுவில் ஒரு குமிழ் பெரும்பாலும் போதும். ஆனால் பின்கை மடிந்து நிற்கும்போது பின்னாலிருந்து அது மறைகிறதா என்று பாருங்கள். மறைந்தால் இரண்டு ஓரத்திலும் சிறிய தட்டை விளக்குகள் வையுங்கள். இவ்வகை இயந்திரங்களின் வேலைக்கான ஃபிளட் லைட்டுகளுக்குத் தனிச் சுவிட்ச் இருக்கவேண்டும், சாலையில் ஓடும்போது அவை அணைந்திருக்கவேண்டும் என்பது விதி. அறுவடை இயந்திரத்துக்கும் அதேதான். பின்னால் எரியும் வெள்ளை ஃபிளட் லைட்டை எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு என்று நினைத்து, பின்னால் வருபவர் குழம்பிப்போவதை நெடுஞ்சாலையில் பலரும் கண்டிருப்பீர்கள்.

போர்வெல் ரிக் தனிக் கவனம் கேட்கும் வண்டி. திருச்செங்கோட்டிலிருந்து இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் போகும் ரிக்குகளைப் பாருங்கள்: பயணத்தின்போது மாஸ்ட் (துளையிடும் கோபுரம்) கேபினுக்கு மேலே படுத்துக் கிடக்கும். கூரை நடுவில் விளக்கு வைக்க இடமில்லை. வைத்தாலும் மாஸ்ட் மறைக்கும். ஆகவே கேபினின் இரு முன்மூலைகளில் ஒவ்வொன்று, பின்மூலைகளில் ஒவ்வொன்று எனத் திசைவிளக்குகள் நான்கு. தெருவில் துளையிடும்போது வெள்ளைப் புழுதியும் பிறகு சேறும் லென்சை மூடிவிடும். அதனால் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்து, மணிக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கும்படி அமைப்பது முக்கியம். துளையிடும் சுத்தியலின் அதிர்வில் சாதாரண நட்டு கழன்றுவிடும். நைலான் பூட்டு நட்டு போடுங்கள். கூடவே நிற்கும் கம்ப்ரசர் வண்டி, ராடு வண்டிகளுக்கும் ஒவ்வொரு விளக்கு வேண்டும். தெருமுனையிலிருந்து முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அவைதான்.

சாலைப் பராமரிப்பு வண்டிக்கு இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐஆர்சி எஸ்பி 55 என்ற வழிகாட்டுநெறி பணித்தளப் போக்குவரத்து மேலாண்மையைப் பற்றிப் பேசுகிறது. ஒப்பந்ததாரர்கள் கட்டாயம் படிக்கவேண்டியது. வேலைக்குப் பின்னால் காவலாக நிற்கும் லாரிக்கு அம்புப்பலகை வையுங்கள். நடுத்தடுப்பு உள்ள சாலையில் அம்பு எந்தப் பக்கம் ஒதுங்கவேண்டும் என்று காட்டட்டும். தடுப்பில்லாத இருவழிச்சாலையில் அம்பைப் பயன்படுத்தாதீர்கள்; அது வண்டிகளை எதிர்வரும் தடத்துக்குள் அனுப்பிவிடும். அங்கே பலகையின் நான்கு மூலைகள் மட்டும் மினுங்கும் எச்சரிக்கை முறை போதும்.

பழுதான லாரியைக் கட்டி இழுக்கும் ரெக்கவரி வண்டியில் பலரும் இழுக்கும் வண்டியின் விளக்கோடு நின்றுவிடுகிறார்கள். பின்னால் வருபவர் பார்ப்பது இழுபடும் வண்டியின் முதுகை. அதிலோ மின்சாரமே இல்லை. நீண்ட கேபிளோடு, கொக்கி மாட்டித் தொங்கவிடும் ஒரு விளக்குப்பலகையை எப்போதும் வண்டியில் வைத்திருங்கள். அதில் இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, ஓர் அம்பர் மினுக்கு மூன்றும் இருக்கட்டும்.

டிராக்டர் டிரெய்லரைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனம் பதைக்கிறது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிரெய்லரில், கரும்பின் தோகை பின்புறம் நீட்டிக்கொண்டு விளக்கையும் பிரதிபலிப்பானையும் மூடிவிடும். இணைப்புச் சாக்கெட்டின் ஒயரோ எப்போதோ அறுந்திருக்கும். இங்கே முதலில் செலவழிக்கவேண்டியது ஏஐஎஸ் 090 என்ற இந்திய வாகனத் தரத்திலான ஒளிபிரதிபலிப்புப் பட்டைக்கு: பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை. அதற்கு மின்சாரம் தேவையில்லை, நின்றுபோன வண்டியிலும் வேலை செய்யும். அதன்மேல், சுமைக்குப் பின்னால் கட்டித் தொங்கவிடும்படி சார்ஜ் செய்யும் அம்பர் விளக்கு ஒன்று. டிராக்டரில் குழல்மேல் செருகும் வகைக் குமிழ் வசதி. வயலுக்குள் மரக்கிளையில் படும் என்றால் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

ஃபோர்க்லிஃப்டுக்குக் கூரைக் குமிழைவிடத் தரையில் நீலப்புள்ளி விழச்செய்யும் விளக்கு நல்லது. வண்டி வருவதற்கு முன்பே, மூன்று முதல் ஐந்து மீட்டர் தூரத்தில் அடுக்கின் மூலையைத் தாண்டி அந்தப் புள்ளி தரையில் ஊர்ந்துவரும். கைப்பேசியைப் பார்த்துக் குனிந்து நடப்பவருக்கும் அது தெரியும். மூடிய கிடங்கின் தரையில் விழும் ஒளி என்பதால் இங்கே நீலம் குழப்பம் தராது. வெயில் படும் ஏற்றுமேடையில் புள்ளி மங்கிவிடும். அங்கே அம்பர் குமிழும் சேரவேண்டும்.

விமான நிலைய ஓடுபாதைப் பகுதியில் ஓடும் வண்டிகளுக்குச் சர்வதேச சிவில் விமான அமைப்பின் 14-ஆம் இணைப்பு விதிகளே அளவு. அவசர, பாதுகாப்பு வண்டிகளுக்கு நீலம், மற்றவற்றுக்கு மஞ்சள். நிமிடத்துக்கு 60 முதல் 90 மினுக்கு. ஒளிச்செறிவு சாதாரண வண்டிக்கு 40 முதல் 400 கேண்டெலா, விமானத்துக்கு வழிகாட்டிச் செல்லும் வண்டிக்கு 200 முதல் 400 கேண்டெலா. உச்ச வரம்பு இருப்பதைக் கவனியுங்கள். விமானியின் கண்ணைக் காக்கவே அது. ஒப்பந்த வேலை கிடைத்தவுடன் நிலைய நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் விளக்கு வாங்கவேண்டும்.

நெய்வேலி போன்ற திறந்தவெளிச் சுரங்கங்களிலும் பெரிய சுண்ணாம்புக்கல் குவாரிகளிலும், பெரிய டம்பரின் ஓட்டுநருக்குத் தன் முன்சக்கரத்தின் அருகே நிற்கும் ஜீப் தெரியாது. அங்கே சிறிய வண்டிகளுக்கு நெடிய கம்பியும், நுனியில் கொடியும் விளக்கும் வேண்டும். கூரைவிளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் அந்த உயரத்தை ஈடுசெய்யாது.

படி 6: பொருத்துவது

காந்த அடிப்பாகம் உள்ளவை இரவல் வண்டிக்கும் தற்காலிக வேலைக்கும்தான். அலுமினியம், ஃபைபர் கூரையில் அவை ஒட்டாது. இரும்புக் கூரையிலும் மண்துகள் இடையில் சிக்கினால் வேகத்தில் பறந்துவிடும். நிரந்தர வேலைக்கு மூன்று போல்ட் அடிப்பாகமே சரி. கூரையில் துளையிட்டால் விளிம்பில் துருக்காப்புப் பூச்சு தடவி, ரப்பர் வளையம் போட்டு, ஒயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு உள்ளே எடுங்கள். அந்த வளைவின் அடியில் மழைநீர் சொட்டிவிடும், உள்ளே இறங்காது.

படி 7: மின்சாரம்

கார், டிராக்டர், சிறு சரக்கு வண்டிகள் 12 வோல்ட். கனரக லாரிகள் பெரும்பாலும் 24. ஆனால் 24 வோல்ட் லாரியில் எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் ஏறத்தாழ 28 வோல்ட் கொடுக்கும். அதனால் 10 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும் விளக்கையே வாங்குங்கள். இரண்டு பாட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் குறுக்குவழி வேண்டாம்; ஒரு பாட்டரி வற்றி மற்றொன்று அளவுக்கு மீறி ஏறி இரண்டுமே வீணாகும். மின்சார ஃபோர்க்லிஃப்டில் 36, 48, 80 வோல்ட் என மாறுபடும். அதில் பாட்டரியின் நெகட்டிவ் பெரும்பாலும் சேஸோடு இணைந்திருக்காது. லாரி வழக்கப்படி பாடியில் எர்த் கொடுக்காமல் இரண்டு ஒயரையும் தனியே இழுங்கள்.

ஒயரின் தடிமனுக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு மீட்டருக்கு 0.017 ஓம் தடை. பாட்டரியிலிருந்து விளக்கு 10 மீட்டர் தள்ளி இருந்தால் போகவும் வரவும் 20 மீட்டர், அதாவது 0.34 ஓம். அதில் 55 வாட் ஹாலஜன் இழுக்கும் 4.6 ஆம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், விளக்கு மங்கும். 20 வாட் எல்இடிக்கு 1.7 ஆம்பியர்தான், அரை வோல்ட்டை ஒட்டியே இழப்பு, அதே ஒயர் போதும். ஃபியூஸ் 3 ஆம்பியர், பாட்டரிக்கு அருகிலேயே. முகப்பு விளக்கின் ஒயரில் ஒட்டுப்போட்டு எடுப்பதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

வண்டியில் வயர்லெஸ் செட் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் விளக்கை எரியவிட்டு அதில் பேசிப்பாருங்கள். மலிவான எல்இடி விளக்குகள் பலவற்றில் மினுக்கும்போதெல்லாம் இரைச்சல் கேட்கும்.

படி 8: சோதனையும் பராமரிப்பும்

பொருத்திய அன்றே இரவில், வண்டியை வேலை நிலையில் நிறுத்துங்கள்: பாடி தூக்கியபடி, கை நீட்டியபடி, சுமை ஏற்றியபடி. நூறு மீட்டர் தள்ளிப்போய் ஒரு முழு வட்டம் நடந்து வாருங்கள். எந்த இடத்தில் விளக்கு மறைகிறதோ அங்கே ஒரு கல்லை வையுங்கள். அடுத்து, வண்டியின் அருகே ஒளிரும் சட்டை அணிந்த ஒருவரை நிற்கச்சொல்லி, வந்து சேரும் காரின் இருக்கையிலிருந்து அவர் தெரிகிறாரா என்று பாருங்கள். தெரியாவிட்டால் ஒளியைக் குறைக்கவேண்டும் அல்லது விளக்கை உயர்த்தவேண்டும்.

சுவிட்சுக்கு மேல் ஒரு சிறிய காட்டி விளக்கு வையுங்கள். வேலை முடிந்தும் கூரையில் எரிந்துகொண்டிருப்பது ஓட்டுநருக்குத் தெரியவேண்டும். நாள்முழுவதும் காரணமில்லாமல் மினுங்கும் வண்டியை, உண்மையாகவே நின்று வேலை செய்யும் நாளில் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

லென்ஸ் பெரும்பாலும் பாலிகார்பனேட். அதைப் பெட்ரோலாலோ தின்னராலோ துடைத்தால் நுண்விரிசல் விழுந்து வெளுத்துவிடும். சோப்புத் தண்ணீரும் மென்துணியும் போதும். வாரம் ஒருமுறை போல்ட் இறுக்கத்தையும், மழைக்காலத்துக்கு முன் ரப்பர் வளையத்தையும், குமிழின் உட்புறம் நீராவி படிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். உள்ளே பனித்திருந்தால் அடைப்பு விட்டுப்போயிற்று என்று பொருள். சிலிக்கான் பூசி நாளைக் கடத்தாமல், அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.